ப்ளூஸ் மவுத் ஆர்கன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி விடுதியில் பக்கத்து அறை அண்ணன் ஒருவர் படிப்பு முடித்து ஊருக்குப் போகும்போது ஒரு கேசட்டை என்னிடம் விட்டுப்போனார். அதன் மேல் பால்பாயின்ட் பேனாவால் 'ஹார்ப்' என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன வாத்தியம் என்றே தெரியாமல் ஒரு செமஸ்டர் முழுக்க அதைக் கேட்டேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை வாசிக்கும் மவுத் ஆர்கன் என்று தெரிந்தபோது நம்பவே முடியவில்லை. அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களும் அலுவலகத்தில் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும் இதைக் கேட்டுவிட்டு எழுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். கேட்பதோடு நிறுத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கு முதல் பாதி போதும். வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் பின்பாதியையும் படியுங்கள்.

"இது நாம சின்ன வயசுல திருவிழாக் கடையில வாங்கி ஊதின மவுத் ஆர்கன்தானே?"

அதே குடும்பம், வேறு பிள்ளை. நம் ஊரில் அதிகம் புழங்குவது 24 ஓட்டை டிரெமோலோ. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு, அதாவது காற்றில் அதிரும் மெல்லிய உலோகத் தகடு, இருக்கும். இரண்டின் சுருதியும் மயிரிழை விலகியிருப்பதால்தான் சத்தம் அலை அலையாக நடுங்குகிறது. ப்ளூஸ்காரர்கள் வாசிப்பது 10 ஓட்டை டயட்டானிக், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓட்டைக்கு இரண்டு ரீடு: ஊதினால் ஒன்று பேசும், மூச்சை உள்ளே இழுத்தால் இன்னொன்று பேசும். மொத்தம் 20 ரீடு. வாசிப்பவர்கள் இதை 'ஹார்ப்' என்றுதான் சொல்வார்கள்.

இது ஜெர்மன் சரக்கு. மத்தியாஸ் ஹோனர் 1857-ல் ட்ரோஸ்ஸிங்கன் என்ற சிற்றூரில் தொழிலைத் தொடங்கினார். ப்ளூஸ் உலகமே பின்னாளில் கையில் எடுத்த 'மரீன் பேண்ட்' மாடல் 1896-ல் வந்தது. ஐரோப்பிய நாட்டுப்புற மெட்டுகளை வாசிப்பதற்காகச் சுருதி வைத்த கருவி அது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்திக்காட்டு வேலைக்குப் போன கறுப்பின மக்களிடம் அது வந்து சேர்ந்ததற்குக் காரணம் விலை மலிவு, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். வந்த பிறகு, செய்தவர் நினைத்தே பார்க்காத வகையில் அதை வாசித்தார்கள். ஹோனர் தொழிற்சாலை அதற்குள் வைக்காத சுரங்களை இவர்கள் மூச்சால் வெளியே எடுத்தார்கள். நான் சொல்ல வருவது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

"ப்ளூஸ்னா சோகப் பாட்டா?"

சோகமும் உண்டு. ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஆடித் தீர்ப்பதற்கான பாட்டும் ப்ளூஸ்தான். வாரம் முழுக்கக் காட்டில் உழைத்தவர்கள் குடித்து ஆடக் கூடிய குடிசைகளுக்கு 'ஜூக் ஜாயின்ட்' என்று பெயர். அங்கே அழுதுகொண்டே இருந்தால் யார் வருவார்கள்?

கட்டமைப்பு எளிது. பெரும்பாலான பாட்டுகள் 12 தாள அளவுக்கு ஒரு சுற்று. பாடகர் ஒரு வரியைப் பாடுவார், அதையே திரும்பப் பாடுவார், மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தில்தான் ஹார்ப் பேசும். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது வரிகளை விட்டுவிட்டு அந்தக் காலி இடங்களைக் கவனியுங்கள். ஆங்கிலம் புரியவில்லை என்ற கவலையே வராது.

"எதுல இருந்து கேக்க ஆரம்பிக்கிறது?"

லிட்டில் வால்ட்டரின் 'ஜூக்'. 1952 மே மாதம் சிகாகோவில் பதிவானது. மூன்று நிமிடம்கூட இல்லை, பாட்டு வரியும் கிடையாது. அடுத்து இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சனின் 'ஹெல்ப் மீ'. அதன் பிறகு ஜூனியர் வெல்ஸின் 'ஹூடூ மேன் ப்ளூஸ்' ஆல்பம், 1965-ல் வந்தது. இந்த மூன்றையும் ஒரு வாரம் கேளுங்கள். ஐம்பது பாட்டுத் தொகுப்பை ஒரே நாளில் ஓடவிட்டால் எல்லாம் ஒன்று போலத்தான் காதில் விழும்.

"ஜூக் கேட்டேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா அது சாக்ஸபோன் மாதிரில்ல கேக்குது?"

சரியான காது உங்களுக்கு. அவர் விரும்பியதே அதுதான். வால்ட்டர் 1930-ல் லூயிசியானாவில் பிறந்தவர். பதின்வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, தெருவில் வாசித்துப் பிழைத்து, சிகாகோ வந்து ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவில் சேர்ந்தார். மின்கிட்டாருக்கு நடுவே ஹார்ப் சத்தம் அமுங்கிப்போகும். பலர் மைக் முன்னால் நின்று ஊதினார்கள். வால்ட்டர், அறிவிப்பு செய்யப் பயன்படுகிற மலிவான மைக்கை ஹார்ப்போடு சேர்த்து இரண்டு கைக்குள் மூடிப் பிடித்தார். அதை ஆம்ப்ளிஃபயரில் செருகினார். கைக்குள் காற்றுக்குப் போக வழியில்லை. மைக் திணறுகிறது, ஆம்ப்ளிஃபயர் உறுமுகிறது. ஒலிப்பொறியாளர் 'கோளாறு' என்று சொல்லியிருக்கக்கூடிய அந்த உறுமலை வால்ட்டர் தன் குரலாக வைத்துக்கொண்டார்.

இன்னொரு முறை கேளுங்கள். தொடக்கத்தில் படியேறுவது போன்ற ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும். அது பிடிபட்ட பிறகு, அடுத்தடுத்த சுற்றுகளில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஒரு சுற்றில் நீண்ட சுரமாக இழுத்துப் பிடிக்கிறார், அடுத்ததில் துண்டு துண்டாகக் கொத்துகிறார், சில இடங்களில் சும்மா இருக்கிறார். அந்த இசைத்தட்டு அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் வரிசையில் 8 வாரம் முதலிடத்தில் இருந்தது. வெறும் ஹார்ப் வாசிப்பு அந்த வரிசையில் முதலிடம் பிடித்தது அந்த ஒரு முறைதான். அப்போது அவருக்கு வயது 22.

"சன்னி பாய் வில்லியம்சன்னு தேடினா ரெண்டு பேர் வர்றாங்க. யார் ஒரிஜினல்?"

முதலில் அந்தப் பெயரோடு தட்டு வெளியிட்டவர் டென்னஸியில் 1914-ல் பிறந்த ஜான் லீ கர்டிஸ் வில்லியம்சன். 1937-லேயே பதிவு செய்தார். ஹார்ப் பக்கவாத்தியமாக இருந்த காலத்தில் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். 1948-ல் சிகாகோவில், வாசித்துவிட்டு வீட்டுக்கு நடந்து போகும்போது வழிப்பறிக்காரர்களால் கொல்லப்பட்டார். வயது 34.

இரண்டாமவர் ரைஸ் மில்லர். 1941-ல் ஆர்கன்சா மாநிலம் ஹெலினா ஊரின் கேஎஃப்எஃப்ஏ வானொலியில், 'கிங் பிஸ்கட்' என்ற மைதா மாவுக்கு விளம்பரமாக மதிய நேரத்தில் ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. அதில் சன்னி பாய் என்ற பெயரில் வாசித்தார். முதலாமவர் உயிரோடு இருக்கும்போதே. கடைசிவரை நான்தான் அசல் என்று சொல்லிவந்தார். அதே நிறுவனத்தின் சோளமாவுப் பைகளில் அவர் படம் போட்டு விற்றார்கள்.

பெயரை எடுத்தது தவறு என்பதுதான் என் கருத்து. ஆனால் வாசிப்பைக் கேட்டபிறகு இவரை யாருடைய நகல் என்றும் சொல்ல முடியாது. முதலாமவர் விடாமல் பொழிவார். இவர் ஒரு சுரத்தை வைத்துவிட்டு, அது ஆறும் வரை காத்திருந்து அடுத்ததை வைப்பார். கையை மெல்லத் திறந்து மூடுவதிலேயே ஒரு சுரத்துக்கு மூன்று முகம் காட்டுவார்.

"எல்லாரும் ரயில் சத்தம் வாசிக்கிறாங்களே, ஏன்?"

ஊதினால் ஒரு கூட்டுச் சுரம், இழுத்தால் இன்னொன்று. அதை வேகமாக மாற்றி மாற்றிச் செய்தாலே ரயில் கிளம்பிவிடும். மூச்சு பழகவும் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அந்த மக்களுக்கு ரயில் என்பது ஊரைவிட்டுப் போகும் வழியும்கூட. மிசிசிப்பியின் நிறவெறியிலிருந்தும் கூலிக் கொடுமையிலிருந்தும் தப்பி லட்சக்கணக்கானோர் வடக்கே சிகாகோவுக்கு ரயிலேறினார்கள். ப்ளூஸும் அவர்களோடு போனது.

இதில் டிஃபோர்ட் பெய்லியைக் கேட்காமல் விடக்கூடாது. நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற வானொலிக் கச்சேரியான 'கிராண்ட் ஓல் ஆப்ரி'யின் முதல் கறுப்பின நட்சத்திரம் அவர். 1927-ல் பதிவான அவருடைய 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்' ஒரு ரயில் தூரத்திலிருந்து வந்து, கடந்து, மறைவதை ஒரே ஹார்ப்பில் காட்டும். 1941-ல் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அதற்குப் பிறகு ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். அமெரிக்க 'கன்ட்ரி' இசையின் கௌரவப் பட்டியலான 'ஹால் ஆஃப் ஃபேம்' அவரைச் சேர்த்துக்கொண்டது 2005-ல். அவர் இறந்து 23 வருடம் கழித்து.

"பெண்கள் யாருமே வாசிக்கலையா?"

பிக் மாமா தார்ன்டனைக் கேளுங்கள். பாடகியாகத்தான் தெரியும், ஹார்ப்பும் டிரம்ஸும் தானாகவே கற்றுக்கொண்டு வாசித்தார். பின்னாளில் பெரிய ஹார்ப் வாசிப்பாளரான ஜேம்ஸ் காட்டனுக்கு முதலில் ஹார்ப்பைக் காட்டியது காட்டனின் அம்மா. ரயில் போலவும் கோழி போலவும் ஊதிக் காட்டுவாராம். தட்டில் ஏறாத இப்படி எத்தனை அம்மாக்கள் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

"சி ஹார்ப்னு சொல்லிட்டு ஜி-ல வாசிக்கிறாங்க. ஏன் சார் இந்தக் குழப்பம்?"

இங்கிருந்து வாசிப்பவர்களுக்கானது. சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்பவை மேற்கத்திய சுரப் பெயர்கள்; ஒவ்வொரு ஹார்ப்பும் ஒரு சுருதிக்கென்று செய்யப்பட்டது. சி ஹார்ப்பில் சி சுருதியிலேயே வாசித்தால் ஊதும் சுரங்கள்தான் ஆதாரமாக நிற்கும். ஜெர்மானியர்கள் நினைத்தது அதைத்தான். நாட்டுப்பாட்டுக்கு அது பொருத்தம், பாப் டிலன் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசிப்பதும் பெரும்பாலும் அப்படித்தான். ப்ளூஸ்காரர்கள் அதே ஹார்ப்பில் ஜி-யை ஆதார சட்ஜமாக வைத்துக்கொண்டார்கள். ஜி இரண்டாம் ஓட்டையில் இழுக்கும்போது வரும் சுரம். அப்போது முக்கியமான சுரங்கள் எல்லாம் இழுப்பில் வந்துவிடுகின்றன. இதற்கு 'கிராஸ் ஹார்ப்' அல்லது இரண்டாம் பொசிஷன் என்று பெயர். 'ஜூக்' இப்படித்தான்: ஏ ஹார்ப்பை எடுத்து ஈ சுருதியில் வாசிக்கிறார்.

இழுப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? உள்ளே இழுக்கும் சுரத்தைத்தான் கீழ் ஓட்டைகளில் வளைக்க முடியும். அது அடுத்த கேள்வி.

"சுரத்தை வளைக்கிறதுன்னா உள்ள என்னதான் நடக்குது?"

ஓட்டைக்கு இரண்டு ரீடு என்று முதல் பதிலில் சொன்னேன். சி ஹார்ப்பின் மூன்றாம் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதினால் ஜி, இழுத்தால் பி. இரண்டுக்கும் நடுவில் மூன்று அரைச்சுரங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு ரீடு கிடையாது. இழுத்துக்கொண்டே நாக்கின் பின்பகுதியைக் கீழிறக்கி வாய்க்குள் இடத்தைப் பெரிதாக்கினால், இழுப்பு ரீடின் அதிர்வு தாழத் தொடங்கும். பேசாமல் இருந்த ஊது ரீடும் அசைய ஆரம்பிக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு நடுச் சுரத்தைப் பேசும். பி இறங்கி இறங்கி ஏ ஃப்ளாட் (ஏ-க்கு ஓர் அரைச்சுரம் கீழே) வரை போகும். கீழே இருக்கும் ரீடுக்கு ஓர் அரைச்சுரம் மேலே வந்ததும் நின்றுவிடும். அதே கணக்கில் நாலாம் ஓட்டையில் டி-க்கும் சி-க்கும் நடுவே ஒரே ஒரு சுரம்தான் கிடைக்கும். ஐந்தாம் ஓட்டையில் இடைவெளியே இல்லாததால் ஒன்றும் கிடைக்காது.

மூன்றாம் ஓட்டைதான் ப்ளூஸின் இதயம். ஜி சுருதியில் வாசிக்கும்போது அங்கே வருவது காந்தாரம். ப்ளூஸ் காந்தாரம் கர்நாடக இசையின் சாதாரண காந்தாரத்திலும் (தாழ்ந்த க) அந்தர காந்தாரத்திலும் (அதற்கு ஓர் அரைச்சுரம் மேலே உள்ள க) நிற்காது, நடுவில் ஊசலாடும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை இல்லை. ஹார்ப்பில் மூச்சை வைத்து அந்த இடத்தில் நிற்கலாம். நல்ல வாசிப்பாளர் ஒருவர் அங்கே இரண்டு விநாடி நின்றால் மனிதக் குரல் மாதிரியே இருக்கும். என்னைப் பிடித்துக்கொண்டது அந்த இரண்டு விநாடிதான்.

"சுத்த தன்யாசி மாதிரி கேக்குதே, தொடர்பு ஏதாவது உண்டா?"

சரித்திரத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் காது பொய் சொல்லவில்லை. ப்ளூஸில் அதிகம் புழங்கும் ஐந்து சுரங்கள் ச, சாதாரண க, ம, ப, கைசிகி நி. சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்களும் அவைதான். சி ஹார்ப்பில் ஜி-யை ச ஆக வைத்து இப்படிப் போங்கள்: இரண்டில் இழு, மூன்றில் ஓர் அரைச்சுரம் வளைத்து இழு, நாலில் ஊது, நாலில் இழு, ஐந்தில் இழு, ஆறில் ஊது. மேல் சட்ஜம் வந்துவிடும். பின்னால் கிட்டார் அந்தர காந்தாரம் உள்ள கூட்டுச் சுரத்தை வாசிக்கும்போது இவர் சாதாரண காந்தாரத்தைப் போடுவார். இரண்டும் உரசும். அந்த உரசல் இல்லாவிட்டால் அது ப்ளூஸாகக் கேட்காது.

"வீட்ல 24 ஓட்டை ஒண்ணு சும்மா கிடக்கு. அதுலயே கத்துக்கலாமா?"

பாட்டு வாசிக்கலாம், ப்ளூஸ் வராது. டிரெமோலோவில் ஊது ரீடும் இழுப்பு ரீடும் வேறு வேறு ஓட்டைகளில் இருக்கின்றன. வளைப்புக்கு இரண்டும் ஒரே அறையில் இருக்க வேண்டும். 10 ஓட்டை டயட்டானிக், சி சுருதியில் ஒன்று வாங்குங்கள். நடுப்பகுதி பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. பழைய பாணி மரீன் பேண்டின் மரச்சட்டம் எச்சில் ஈரத்தில் உப்பி உதட்டைக் கீறும். ஹோனரின் ஸ்பெஷல் 20 பலருக்கும் முதல் ஹார்ப்பாக இருந்திருக்கிறது, எனக்கும் அதுதான்.

"மூணு மாசமா இழுக்கிறேன். ரெண்டாம் ஓட்டைல சத்தமே சரியா வரல. ஹார்ப் ரிப்பேரா அண்ணா?"

கிட்டத்தட்ட எப்போதும் ஹார்ப் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் வாயை இறுக்கி, தெரியாமலே பாதி வளைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூக்கை விரலால் மூடிக்கொண்டு இழுத்துப் பாருங்கள். சத்தம் வந்துவிட்டால் காற்று மூக்கு வழியாகக் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியும் வராவிட்டால் கொட்டாவி விடுவது போலத் தொண்டையைத் திறந்து மெதுவாக மூச்சு வாங்குங்கள். பலத்துக்கு இங்கே வேலை இல்லை. பலமாக இழுத்தால் ரீடுதான் சுருதி கெடும்.

வளைப்பை நாலாம் ஓட்டையில் தொடங்குங்கள். உள்ளே இழுத்துக்கொண்டே 'ஈ' என்பதிலிருந்து 'ஓ' என்று வாயை மாற்றுங்கள். அல்லது மூச்சை உள்ளிழுத்தபடி விசில் அடித்து, அதை மேலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள். அப்போது நாக்கு எங்கே போகிறதோ அதே இடம்தான் இங்கும். எனக்கு முதல் வளைப்பு வந்தது ஒரு மழைநாளில், மொட்டைமாடிப் படிக்கட்டில். பத்து விநாடிதான். மறுநாள் காலையில் காணோம். திரும்ப வர ஒன்பது நாள் ஆனது. உங்களுக்கும் போய்விட்டு வரும், பயப்படாதீர்கள்.

"வெள்ளைக்காரங்க வாசிச்சா அது ப்ளூஸா?"

பால் பட்டர்ஃபீல்ட் சிகாகோவில் படித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார இளைஞர். நகரின் தென்பகுதியில் ப்ளூஸ் வாசிக்கும் மது விடுதிகளுக்கு இரவில் போய் மடி வாட்டர்ஸையும் மற்றவர்களையும் கேட்டு, அவர்களோடு மேடையேறித்தான் கற்றுக்கொண்டார். 1965-ல் அவர் குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸும் பேஸும் வாசித்த இருவரும் சிகாகோ ப்ளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃபின் குழுவிலிருந்து வந்த கறுப்பினக் கலைஞர்கள். இன்னொரு வெள்ளைக்காரரான சார்லி மஸல்வைட் தொழிற்சாலை வேலை தேடி சிகாகோ வந்து, அதே விடுதிகளில் அதே ஆட்களிடம் பழகினார். இவர்கள் வாசித்தது ப்ளூஸ் இல்லை என்று மடி வாட்டர்ஸே நினைக்கவில்லை. 1969-ல் பட்டர்ஃபீல்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் ஒரு முழு ஆல்பம் செய்தார்.

காசு விஷயம் வேறு. வில்லி டிக்சன் எழுதி இரண்டாம் சன்னி பாய் பாடிய 'பிரிங் இட் ஆன் ஹோம்' 1969-ல் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பெலின் தட்டில், எழுதியவர் இடத்தில் வேறு பெயர்களோடு வந்தது. உரிமை வைத்திருந்த நிறுவனம் வழக்குப் போட்டபிறகுதான் பணம் கைமாறியது. யாரிடம் கற்றோம் என்று சொல்வதும், அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பதும்தான் என் அளவுகோல். தோல் நிறம் அதில் வராது.

"ஒரு தடவை மாட்டினவங்க விடவே மாட்டேங்கிறாங்களே, அப்படி என்ன இருக்கு?"

என்னைக் கேட்டால் மூச்சு என்பேன். மற்ற ஊதுவாத்தியங்களில் மூச்சை வெளியே விடுவதுதான் இசை. இதில் உள்ளே வாங்குவதும் இசை. கேட்பவரின் மூச்சும் தெரியாமல் கூடவே ஏறி இறங்கும். உறக்கம் வராத இரவுகளில் வால்ட்டரின் 'ப்ளூ லைட்ஸ்' போட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஜேம்ஸ் காட்டன் மிசிசிப்பியில் சிறுவனாக இருக்கும்போது, மேலே சொன்ன அந்த மாவு விளம்பர நிகழ்ச்சியை வானொலியில் கேட்டார். ஒன்பது வயதில் ரைஸ் மில்லரைத் தேடிப் போய் அவரோடே தங்கிவிட்டார். 2017-ல் இறக்கும் வரை ஹார்ப்பை விடவில்லை, குரல் போனபிறகும் வாசித்தார். ஜூனியர் வெல்ஸ் தன் கதையைத் தானே சொல்லியிருக்கிறார். பையனாக ஒரு வாரம் சோடா வண்டியில் வேலை பார்த்தார், கூலி ஒன்றரை டாலர். அடகுக் கடையில் ஹார்ப்பின் விலை 2 டாலர். கடைக்காரர் குறைக்கவில்லை. இருந்த காசை மேசைமேல் வைத்துவிட்டு ஹார்ப்போடு நடையைக் கட்டினார். வழக்கு நீதிபதி முன் வந்தது. ஏன் எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார். எனக்கு அது வேண்டியிருந்தது என்றான் பையன். வாசி என்றார் நீதிபதி. வாசித்து முடித்ததும் மீதி அரை டாலரைத் தன் கையிலிருந்து கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

லிட்டில் வால்ட்டர் 1968-ல் ஒரு தெருச் சண்டைக் காயத்தோடு தூக்கத்தில் இறந்தார், வயது 37. 1991 வரை அவர் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. கல் வைத்தது அரசும் இல்லை, இசைத்தட்டு நிறுவனமும் இல்லை, இரண்டு ரசிகர்கள். ரைஸ் மில்லரின் கல்லறை மிசிசிப்பியில் டட்வைலர் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் கல்லின் மேல் தங்கள் ஹார்ப்பை வைத்துவிட்டுப் போகிறார்கள். மழையில் நனைந்து துருப்பிடித்த 10 ஓட்டைகள் வரிசையாக இருக்கும். நான் இன்னும் போனதில்லை. கொண்டுபோக வேண்டியதை எடுத்து வைத்திருக்கிறேன்: என் முதல் சி ஹார்ப், நாலாம் ஓட்டை ரீடு உடைந்தது.